அரபு மண்ணில் ஒரு மண்டலம்

கார்த்திகை பிறக்கும் சமயத்தில் வளைகுடா நாடுகளில் வாழும் நம்மவரிடையே ஒரு மாறுதல் தோன்றுவதை ஆண்டுதோறும் கண்டு வருகிறேன். ஆறேழு மாதங்களாக மனிதரை வெளியே தலைகாட்ட விடாமல் காய்ந்த வெயில் ஒருவாறு தணிந்து, விடியற்காலையில் மெல்லிய குளிர்காற்று வீசத் தொடங்கும் அந்நாட்களில், துபாயின் கராமாவிலும் பர்துபாயிலும், ஷார்ஜாவில் ரோலாவைச் சுற்றிய தெருக்களிலும், முசாபா, சோனாப்பூர், அல்கூஸ் முதலிய இடங்களிலுள்ள தொழிலாளர் கேம்புகளின் வாசலிலும், ஈரத் தலையும் நெற்றியில் சந்தனமும் கழுத்தில் துளசிமணி மாலையுமாகக் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் மனிதர்களைப் பார்க்கலாம். "சாமி சரணம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கைகூப்பிவிட்டு அவர்கள் தத்தம் வேலைக்குப் போகிறார்கள். கேரளத்துப் பத்தனம்திட்டை மாவட்டத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுக்குள் இருக்கிற சபரிமலை அவர்களுக்குக் கடல் கடந்த தூரத்தில் இருந்தாலும், அந்த மலைக்கான யாத்திரையை அவர்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்கள்.

இந்த யாத்திரையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மலையேற்றத்தையும், பதினெட்டாம் படியையும், மகர விளக்கையும் வர்ணித்து அதோடு நிறைவு கொள்கிறார்கள். அவையெல்லாம் வர்ணிக்கத் தக்கவைதாம். ஆயினும் நெடுங்காலமாக அமீரகத்தில் வசித்து, இங்கே மாலை அணிந்து, இங்கே விரதம் காத்து, இங்குள்ள சாமிமாரோடு கூடிச் சரணம் சொல்லிப் பழகிய எனக்கு, இந்த யாத்திரையின் உயிர் விரதத்திலேதான் இருக்கிறது என்னும் எண்ணம் நாளுக்கு நாள் வலுப்பட்டு வருகிறது. ஊரில் இருக்கும்போது விரதம் மலைக்குப் போவதற்கான ஆயத்தமாகத் தோன்றுவது இயல்பு. சுற்றிலும் மாலை அணிந்தவர்கள், தெருமுனையில் கோயில், வீட்டில் பெரியவர்கள் என்று எல்லாம் அநுகூலமாக இருப்பதால் விரதத்தின் பாரம் தோளில் தெரிவதில்லை. அந்த அநுகூலங்கள் அனைத்தையும் விட்டுவந்த தேசத்தில், ஒரு மனிதன் தன் சங்கற்பம் ஒன்றையே துணையாகக் கொண்டு நியமங்களைக் காக்கும்போதுதான், பெரியோர்கள் இதை எதற்காக வகுத்தார்கள் என்பது விளங்குகிறது.

கணக்கு ஒன்றைப் பாருங்கள். அமீரகத்துத் தொழிற்சட்டம் ஓராண்டு வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுமுறையை உறுதி செய்கிறது. ஐயப்ப விரதத்துக்கு விதிக்கப்பட்ட காலம் ஒரு மண்டலம், அதாவது 41 நாள். ஆகையால் ஒருவர் தமக்குக் கிடைக்கும் விடுமுறை முழுவதையும் மலைக்கென்றே ஒதுக்கினாலும், விரதத்தின் ஒரு பகுதியை இந்த மண்ணிலேயே காக்க வேண்டியிருக்கிறது. நடைமுறையிலோ பத்து நாள் விடுப்புக் கிடைப்பதே பெரும் பாக்கியம். ஒரு மாதம் முன்னதாகவே விரதம் ஏற்று, அலுவலகத்திலும் கட்டட வேலையிடத்திலும் லாரியின் ஓட்டுநர் இருக்கையிலும் அமர்ந்தபடி அதைக் காத்து, கடைசி ஒரு வாரத்தில் விமானம் ஏறுகிறவர்களே அதிகம்.

இதற்காக நாட்காட்டியோடு இவர்கள் நடத்தும் ஆலோசனை ஒரு தனிக்கலை. கார்த்திகை முதல் நாளில் தொடங்கும் மண்டல காலம் டிசம்பர் 26 அல்லது 27ஆம் தேதி மண்டல பூஜையோடு நிறைவுறும். டிசம்பர் 30ஆம் தேதி மறுபடியும் நடை திறந்து, தைப் பொங்கலை ஒட்டி மகர விளக்கு நடந்து, ஜனவரி 20ஆம் தேதி வாக்கில் நடை சாத்தப்படும். இந்நாட்டுப் பள்ளிக்கூடங்களின் குளிர்கால விடுமுறை டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரையில் அமைவதால், குழந்தைகளோடு போக விரும்புகிற குடும்பஸ்தர்கள் அந்த நாட்களைக் குறிவைக்கிறார்கள். அப்போது விடுப்புக் கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு மலையாள மாதத்தின் தொடக்கத்திலும் ஐந்து நாட்கள் சபரிமலையில் நடை திறந்திருக்கும் என்பதால், ஜூலை, ஆகஸ்டு மாதங்களின் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் ஆடி மாதப் பிறப்பையோ ஆவணி மாதப் பிறப்பையோ உத்தேசித்து, அதிலிருந்து பின்னோக்கி 41 நாட்களை எண்ணி, ஜூன் மாதத்திலோ ஜூலைத் தொடக்கத்திலோ மாலை அணிகிறார்கள்.

ஜூன் மாதத்தில் இங்கே மாலை அணிவது என்றால் என்ன என்பது இந்த வெயிலை அநுபவித்தவர்களுக்கே தெரியும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரையில் நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்தவெளி வேலையை அரசாங்கமே தடைசெய்து வைத்திருக்கிற அளவுக்குக் காய்கிற காலம் அது. விரதகாரருக்கு விடியுமுன்னும் அந்தியிலும் குளிர்ந்த நீரில் ஸ்நானம் விதிக்கப்பட்டிருக்கிறது. மொட்டை மாடித் தொட்டியில் நாள் முழுதும் காய்ந்த நீரோ இரவு நெடுநேரம் வரையில் உடம்பில் ஊற்றிக்கொள்ள இயலாத சூட்டில் குழாய் வழியே கொட்டும். இங்கே பழகியவர்கள் குளியலறைக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதில் தங்கிக் குளிர்ந்திருக்கும் நீரைச் சுடுநீர்க் குழாயில் பிடித்துக் குளிப்பார்கள். வேறு சிலர் முன்னிரவிலேயே வாளிகளில் நீரை நிரப்பி ஏ.சி. ஓடும் அறைக்குள் வைத்துக் காலையில் எடுப்பார்கள். சாஸ்திரம் எழுதியவர்கள் இந்தத் தேசத்தை நினைத்து எழுதவில்லை. ஆயினும் நியமத்தின் உட்கருத்தை அறிந்தவர்கள் அதற்கான உபாயத்தைத் தாமே கண்டுகொள்கிறார்கள்.

பாதரட்சை விஷயமும் அப்படியே. மாலை அணிந்தவர் செருப்பு அணியலாகாது என்பது பழைய விதி. கட்டட வேலையிடத்தில் இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி இல்லாமல் உள்ளே காலடி வைக்க முடியாது என்பது இந்நாட்டு விதி. தன்னையும் சக தொழிலாளியையும் காக்கும் அந்த விதியை மீறும்படி தெய்வம் கேட்கப் போவதில்லை என்று எங்கள் குருசாமி வெகு தெளிவாகச் சொல்லுவார். வேலையிடத்தில் காலணி, அறைக்குத் திரும்பிய கணத்திலிருந்து வெறுங்கால் என்று பெரும்பாலோர் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். கறுப்பு வேஷ்டியும் நீல வேஷ்டியும் காவியும் வேலை முடிந்து திரும்பிய பின் உடுத்தப்படுகின்றன. வேலை நேரத்தில் கம்பெனிச் சீருடைக்குள் மாலை மறைந்து கிடக்கிறது. தாடி வளர்ப்பதைப் பற்றி மேலதிகாரி கேட்டால், ஒரு மண்டலத்து விரதம் என்று சொன்னால் போதும். நோன்பு என்பதன் பொருளை நன்கு அறிந்த தேசமாகையால், அரபு நாட்டு மேலதிகாரிகள் இதற்குமேல் விளக்கம் கேட்பது மிகவும் அபூர்வம்.

எல்லாவற்றிலும் கடினமானது ஆகார நியமம். குடும்பத்தோடு இருப்பவர்களுடைய விரதத்தின் பாதிப் பாரத்தை வீட்டுப் பெண்களே சுமக்கிறார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விடியற்காலை மூன்றரை, நான்கு மணிக்கு எழுந்து ஸ்நானம் செய்து, விளக்கேற்றி, சுத்தமாகச் சமைத்து, பிறகு தம் உத்தியோகத்துக்கும் ஓடுகிற பெண்கள் எத்தனையோ பேர். மாலை அணிந்தவர் கணவர். ஆனால் மண்டலம் முழுவதும் மாலையில்லாமலே விரதம் காப்பவர் அந்த அம்மாள். மலைக்குப் போய்வந்த புண்ணியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அந்தப் புண்ணியத்தில் அவளுக்குரிய பங்கை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசுவதே நியாயம்.

தனியாக இருப்பவர்களின் நிலைமை வேறு. ஓர் அறையில் ஆறு பேரோ எட்டுப் பேரோ அடுக்குக் கட்டில்களில் படுத்து, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு வாழ்கிற இடத்தில், ஒருவர் மட்டும் மாமிசமும் மதுவும் நீக்கி, பாயில் படுத்து, பிரம்மச்சரியம் காக்க வேண்டும். நான் பெரிதும் வியந்த காட்சிகளை இத்தகைய அறைகளில்தான் கண்டிருக்கிறேன். மாலை அணிந்த சாமி ஒருவருக்காக, அவரோடு தங்கியிருக்கும் மற்றவர்கள், அவர்களில் பாகிஸ்தானத்துக்காரரும் வங்காளதேசத்துக்காரரும் உண்டு, அந்த அறைக்குள் மாமிசம் கொண்டுவருவதை ஒரு மண்டலம் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு கட்டில்களுக்கு நடுவே அவர் பாய் விரிப்பதற்காகப் பெட்டிகளை நகர்த்தி இடம் பண்ணிக் கொடுக்கிறார்கள். பொது அடுப்படியில் ஓர் அடுப்பை அவருக்கென்று ஒதுக்கி, அவர் சமைத்து முடிக்கும் வரையில் பொறுத்திருக்கிறார்கள். விரதம் ஒருவருடையதாகத் தொடங்கி ஓர் அறை முழுவதன் ஒழுக்கமாக விரிந்துவிடுகிறது.

இனி, இந்த யாத்திரையின் சம்பிரதாயங்களுள் இந்நாட்டில் மிகுந்த பிரகாசம் பெறுகிற ஒன்றைச் சொல்லுகிறேன். மாலை அணிந்த கணம் முதல் அவர் யாராயிருந்தாலும் சாமி. அவரை மற்றவர்கள் சாமி என்றே அழைக்க வேண்டும், அவரும் எதிர்ப்படுகிற ஒவ்வொருவரையும் அப்படியே அழைக்க வேண்டும். வளைகுடா வாழ்க்கையைப் போல மனிதனை அவன் உத்தியோகத்தாலும் சம்பளத்தாலும் தரம் பிரித்து வைக்கிற வாழ்க்கை வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். குடும்பத்தை வரவழைத்துக்கொள்ளும் உரிமைகூட இங்கே வருமானத்தைப் பொறுத்தே கிடைக்கிறது. வசிக்கும் வட்டாரம், போகும் வாகனம், கையொப்பமிடும் தாள் ஒவ்வொன்றும் ஒருவரைத் தம் படியில் நிறுத்திவைக்கின்றன. அந்த நாட்டில், கம்பெனியின் நிதி அதிகாரியும், அவருடைய காரை ஓட்டுகிறவரும் ஒரே பாயில் சம்மணமிட்டு அமர்ந்து, ஒருவர் இலையில் மற்றவர் சோறு பரிமாற, "சாமி, இன்னும் கொஞ்சம்" என்று உபசரிக்கிறார்கள்.

குருசாமியைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் இதே நியாயம் விளங்குகிறது. பதினெட்டு முறை மலையேறி, பதினெட்டாம் ஆண்டில் தென்னங்கன்று சுமந்து சென்று வைத்துவிட்டு வந்தவரே குருசாமி ஆவதற்கு உரியவர் என்பது வழக்கம். பட்டமும் பதவியும் அங்கே செல்லுபடியாவதில்லை. எங்கள் குழுவின் குருசாமி ஒரு பட்டறையில் வெல்டராக வேலை பார்த்தவர். அவர் கையால் மாலை வாங்கிக்கொள்ள வைத்தியர்களும் வங்கி அதிகாரிகளும் குனிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். முதல் முறையாக மலைக்குப் போகிற கன்னிசாமிக்கோ வேறொரு பெருமை. மாளிகைப்புறத்தம்மன் ஐயப்பனை மணக்க விரும்பினாள் என்றும், கன்னிசாமி ஒருவரும் வராத ஆண்டில் மணந்துகொள்வதாக ஐயப்பன் வாக்களித்தான் என்றும் ஐதிகம். ஆண்டுதோறும் சரங்குத்தியில் கன்னிசாமிகள் குத்திவிட்டுப் போன சரங்களைக் கண்டு அம்மன் திரும்பிவிடுகிறாள். ஆகவே குழுவில் மிக மூத்தவருக்கும் மிகப் புதியவருக்கும் ஒருங்கே மரியாதை உண்டு. நடுவில் இருப்பவர்கள் எல்லாரும் தொண்டர்கள்.

இங்கே நடைபெறும் பஜனைகளையும் பூஜைகளையும் பற்றிச் சொல்ல வேண்டும். அந்நாட்களில் யாராவது ஒரு நண்பரின் வீட்டுக் கூடத்தில் கட்டில், நாற்காலிகளை அப்புறப்படுத்திவிட்டு, பலகையால் பதினெட்டுப் படிகள் அமைத்து, ஒவ்வொரு படியிலும் விளக்கேற்றிப் படி பூஜை செய்வார்கள். சாமந்தியும் துளசியும் வாழையிலையும் ஊரிலிருந்து விமானத்தில் வந்து சேரும்; பர்துபாய் கோயிலை ஒட்டிய குறுகிய சந்தில் மாலை தொடுத்து விற்கும் கடைகளில் அந்த வாரங்களில் கூட்டம் நெரியும். வெள்ளிக்கிழமை வார விடுமுறையாக இருந்தவரையில் வியாழக்கிழமை இரவுதான் எங்களுடைய பஜனை இரவு. 2022 ஜனவரி முதல் அமீரகம் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிய பிறகு, பஜனையும் அதற்கேற்ப நாள் மாறிக்கொண்டது. டிசம்பர் 2ஆம் தேதி அமீரகத்தின் தேசிய தினம் மண்டல காலத்தின் நடுவிலே வருகிறபடியால், அந்த விடுமுறையில் பெரிய பூஜைகளையும் அன்னதானத்தையும் வைத்துக்கொள்கிறவர்கள் பலர்.

இந்தப் பூஜைகளில் தமிழரும் மலையாளிகளும் பிரிக்க முடியாதபடி கலந்திருப்பார்கள். சபரிமலை அமைந்திருக்கிற பத்தனம்திட்டை மாவட்டத்திலிருந்தே ஏராளமானோர் வளைகுடாவில் உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஐயப்பன் அயலூர்த் தெய்வமல்ல, பக்கத்து மலையில் வசிக்கும் சொந்தக்காரன். அவர்கள் நிதானமான ராகத்தில் சரணம் விளிப்பார்கள். நம்மவர்கள் கஞ்சிராவும் ஜால்ராவும் கொண்டு கே. வீரமணியின் பாடல் மெட்டுக்களில் வேகம் கூட்டுவார்கள்; ஆந்திரத்துச் சாமிகள் தெலுங்கில் தொடர்வார்கள். இரவில் யேசுதாஸின் குரலில் ஹரிவராசனம் ஒலிக்கும்போது எல்லா மொழிகளும் அடங்கிவிடும். இந்நாட்டுக் கடிகாரம் இந்தியாவுக்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. மலையில் நடை சாத்தும் நேரத்தைக் கணக்கிட்டு, இங்கே இரவு ஒன்பதரை மணி வாக்கிலேயே விளக்கைச் சிறிதாக்குகிற வீடுகளும் உண்டு.

கோயில்களும் இப்போது பெருகியிருக்கின்றன. 1958 முதல் பர்துபாயில் இருந்துவரும் கிருஷ்ணன் கோயிலையும் முன்பு அதையடுத்து இருந்த சிவன் கோயிலையுமே வெகு காலம் நம்பியிருந்த அமீரகத்து இந்துக்களுக்கு, 2022 அக்டோபரில் ஜெபல் அலியில் பதினாறு தெய்வச் சந்நிதிகளோடு ஒரு பெரிய கோயில் திறக்கப்பட்டது. அதில் ஐயப்பனும் எழுந்தருளியிருக்கிறான். 2024 பிப்ரவரி 14ஆம் தேதி அபுதாபியின் அபு முரைக்காவில் திறக்கப்பட்ட பாப்ஸ் அமைப்பின் கற்கோயிலில், ஏழு எமிரேட்டுகளைக் குறிக்கும் ஏழு சிகரங்களுள் ஒன்றின் கீழே ஐயப்பன் சந்நிதி அமைந்திருக்கிறது. அந்தக் கோயிலுக்கு 27 ஏக்கர் நிலத்தை வழங்கியது இந்நாட்டு ஆட்சிபீடம் என்பதை நன்றியோடு நினைக்க வேண்டும். மஸ்கத்தில் மோதீஸ்வரர் என்னும் சிவன் கோயிலும், பஹ்ரைனின் மனாமாவில் ஸ்ரீநாத்ஜி கோயிலும் பல தலைமுறைகளுக்கு முன்பே வணிகர்களால் ஏற்படுத்தப்பட்டவை.

இந்தத் தெய்வம் தமிழர் வீடுகளுக்குள் வந்த வரலாறும் அதிகப் பழமையானதன்று. 1950ஆம் ஆண்டில் சபரிமலைக் கோயில் தீக்கிரையாயிற்று; மறு ஆண்டில் புதிய பஞ்சலோக விக்கிரகம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நீதிக்கட்சித் தலைவரும், 1936இல் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் முதன்மை மந்திரியாக இருந்தவருமான பி.டி. ராஜன், நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கத்தோடு சேர்ந்து அந்த விக்கிரகத்தைத் தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாக எழுந்தருளச் செய்தார். நவாப் ராஜமாணிக்கம் நடத்திய ஐயப்பன் நாடகமும் ஊர் ஊராகச் சென்று ஜனங்களின் மனத்தைக் கவர்ந்தது. அவருடைய நாடகக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்த எம்.என். நம்பியார், திரையில் கொடியவர் வேஷம் கட்டிக்கொண்டே, வாழ்க்கையில் மகாகுருசாமி என்று போற்றப்படும்படி ஆண்டுதோறும் மலையேறி, எத்தனையோ கலைஞர்களை அழைத்துச் சென்று, 2008 நவம்பர் 19ஆம் தேதி, கார்த்திகை பிறந்த சில தினங்களில் மறைந்தார். ஊர்வலத்தாலும் நாடகத்தாலும் ஒரு தலைமுறைக்குள் தமிழ்நாட்டில் வேரூன்றிய வழிபாடு, அடுத்த தலைமுறையில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களோடு வளைகுடாவுக்கும் வந்துவிட்டது. சென்ற இடத்திலெல்லாம் தங்கிவிடும் இயல்பு அதற்கு எப்படி வந்தது என்று யோசித்தால், கோயிலையும் அர்ச்சகரையும் எதிர்பார்த்திராமல் ஒரு மாலையையும் ஒரு சங்கற்பத்தையும் கொண்டே தொடங்கிவிடக் கூடிய வழிபாடு அது என்பதே காரணமாகத் தோன்றுகிறது.

இஸ்லாமிய தேசத்தில் இருந்துகொண்டு இந்த விரதத்தைக் காப்பதில் இன்னொரு பொருத்தம் உண்டு. எருமேலியில் பேட்டை துள்ளும் பக்தர்கள் ஐயப்பனுடைய தோழராகிய வாவரின் பள்ளிவாசலை வலம்வந்து காணிக்கை செலுத்திவிட்டே மேலே நடக்கிறார்கள். சந்நிதானத்திலும் பதினெட்டாம் படிக்கு அருகே வாவருக்கு ஒரு நடை இருக்கிறது, அங்கே மிளகு பிரசாதமாகக் கிடைக்கும். அந்தத் தோழமையின் அருமையை இங்கே நேரில் அநுபவிக்கலாம். சந்திரனின் ஓட்டத்தைப் பின்பற்றும் ரமலான் மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னேறி வருவதால், ஏறக்குறைய முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை அது கார்த்திகையைச் சந்திக்கிறது. 2001ஆம் ஆண்டு நவம்பர் நடுவில் இரண்டும் ஏறத்தாழ ஒரே நாளில் பிறந்தன. அந்த ஆண்டு இங்கே இருந்த மூத்த சாமிமார் இன்றும் அதைச் சொல்லுவார்கள். ஒரே கேம்பில், ஒரே இருட்டு வேளையில் எழுந்து, ஒரு சாரார் சஹர் உணவுக்கும் மறு சாரார் ஸ்நானத்துக்கும் போனார்கள். மாலையில் நோன்பு திறக்கும் பேரீச்சம்பழத்தில் ஒரு பங்கு சாமிகளின் பாய்க்கு வந்து சேர்ந்தது. 2030களின் முற்பகுதியில் இந்தச் சந்திப்பு மறுபடியும் நிகழப் போகிறது. அன்று இங்கே இருக்கப் போகிற இளைய சாமிகள் அதை ஒரு பாக்கியமாகவே கருத வேண்டும்.

மண்டலம் முதிர்ந்து புறப்படும் நாள் நெருங்கினால் கட்டு நிறை. வளைகுடாவிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் ஊரில் போய்த்தான் இருமுடி கட்டுகிறார்கள். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் ஏற்ற முடியாது. தேங்காயைக் கையோடு கொண்டுபோவதற்கும் விமான நிலையங்களில் தடை இருந்துவந்தது. 2024 அக்டோபரில் இந்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம், உரிய சோதனைகளுக்கு உட்பட்டு, 2025 ஜனவரி 20ஆம் தேதி வரையில் இருமுடித் தேங்காயைக் கேபினுக்குள் கொண்டுசெல்லச் சபரிமலை யாத்திரிகர்களுக்கு அனுமதி கொடுத்தது. இருமுடியின் சம்பிரதாயம் அழகானது. தேங்காயின் கண்ணைத் திறந்து, நீரை வடித்து, குருசாமி சரணம் சொல்லச் சொல்லப் பசு நெய்யை வார்த்து நிரப்பி அடைப்பார்கள். அதை முன்முடியில் வைத்து, மஞ்சள், பன்னீர், விபூதி, அவல், வெல்லம் முதலியவற்றைச் சேர்ப்பார்கள். வீட்டார் ஒவ்வொருவராக வந்து மூன்று பிடி அரிசி இடுவார்கள். வழிக்கு வேண்டியவை பின்முடியில் போகும். வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமலும் திரும்பிப் பாராமலும் புறப்பட வேண்டும்.

அப்புறம் நிலக்கல், அங்கிருந்து அரசுப் பேருந்தில் பம்பை, பம்பையில் ஸ்நானம், கணபதி தரிசனம், நீலிமலை, அப்பாச்சி மேடு, சபரி பீடம், சரங்குத்தி, பதினெட்டாம் படி என்று எல்லாம் வரிசையாக நடந்தேறுகின்றன. நாள் இருப்பவர்கள் எருமேலியிலிருந்து அழுதை நதியையும் கரிமலையையும் கடந்து பெருவழியில் நடப்பார்கள். வளைகுடாக்காரருக்கு அந்த அவகாசம் கிட்டுவது அரிது. சந்நிதானத்தில் தேங்காயை உடைத்து நெய்யை அபிஷேகத்துக்குக் கொடுத்தபின், வெறும் மூடியை ஆழியின் நெருப்பிலே போட்டுவிடுகிறார்கள். நெய் ஜீவன் என்றும் தேங்காய் உடம்பு என்றும் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

ஆனால் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாக நினைப்பது அந்த ஆழி வரையில் போய்ச் சேராதவர்களை. மாலை அணிந்த பிறகு விடுப்பு மறுக்கப்பட்டவர்கள் உண்டு. விசா புதுப்பிக்கும் காலமாகையால் நாட்டை விட்டு வெளியேற முடியாதவர்கள் உண்டு. டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்தை ஊரில் தங்கையின் பிரசவத்துக்கு அனுப்பிவிட்டவர்கள் உண்டு. இன்னும் சிலருக்கு விரதத்தின் நடுவில் ஊரிலிருந்து தொலைபேசி வரும். நெருங்கிய உறவில் சாவு நேர்ந்தால் மாலையைக் கழற்றிவிட வேண்டும். அந்த ஆண்டு மலை இல்லை. தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் போக முடியாமல், கழுத்து மாலையையும் கழற்ற வேண்டியவனாய் நிற்கிற ஒருவனுக்கு என்ன ஆறுதல் சொல்வது? குருசாமி அவன் தலையில் கைவைத்து, அவன் காத்த நாட்கள் கணக்கில் இருக்கின்றன என்று சொல்லுவார். வேறு காரணங்களால் போக முடியாதவர்கள் மண்டலத்தை இங்கேயே நிறைவு செய்து, தம் நெய்த் தேங்காயைப் புறப்படுகிற சாமி ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, கோயிலிலோ பூஜை மண்டபத்திலோ குருசாமி கையால் மாலையை இறக்கிக்கொள்கிறார்கள்.

இவர்களுடைய யாத்திரை குறைபட்டது என்று எண்ணுவதற்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை. நாற்பத்தொரு நாள் கோபத்தை அடக்கியிருக்கிறார்கள், நாவை அடக்கியிருக்கிறார்கள், தமக்கு மேலே இருப்பவனையும் கீழே இருப்பவனையும் ஒரே பெயரால் அழைத்திருக்கிறார்கள், அந்நிய தேசத்தில் அறைத்தோழர்களின் நல்லெண்ணத்தைச் சம்பாதித்திருக்கிறார்கள். மலை கொடுக்க வேண்டியவற்றுள் பெரும்பகுதியை மலை காணாமலே பெற்றுவிட்டவர்கள் அவர்கள். மாறாக, இப்போது சிலர் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் மாலை அணிந்து, மூன்றாம் நாள் தரிசனம் முடித்து, நான்காம் நாள் கழற்றிவிட்டு வேலைக்குத் திரும்புவதைக் காண்கிறேன். அவர்கள் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. யாத்திரையின் மிகச் சிறந்த பகுதியைத் தாங்களே விட்டுக்கொடுத்துவிடுகிறார்களே என்றுதான் வருந்துகிறேன்.

ஆகையால், இந்த ஆண்டு முதன்முறையாக மாலை அணிய எண்ணியிருக்கும் வளைகுடாத் தம்பிகளுக்கு என்னுடைய விண்ணப்பம் இதுதான். விடுப்புக் கிடைக்குமா, முன்பதிவு கிடைக்குமா, டிக்கெட் விலை இறங்குமா என்று பார்த்துவிட்டு மாலை அணியலாம் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்தில் ஒரு குருசாமி இருப்பார், விசாரித்தால் தெரியும். அவரிடம் போய்க் கேளுங்கள், கார்த்திகை முதல் நாளிலேயே அணியுங்கள், உங்களோடு அறையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி அவர்கள் ஒத்தாசையைப் பெறுங்கள், அலுவலகத்தில் உங்களுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுப்பவரையும் சாமி என்று அழைக்கத் தொடங்குங்கள். விடுப்புக் கிடைத்தால் மலைக்குப் போய்வாருங்கள். கிடைக்காவிட்டால் மண்டலத்தை இங்கேயே பூர்த்தி செய்யுங்கள். எப்படியிருந்தாலும் 41 நாட்கள் கழித்து அந்தத் தேநீர்க்காரரை மறுபடியும் பழைய தோரணையில் ஏவுவதற்கு உங்களுக்கு நா எழாதபடி ஆகிவிட்டால், ஐயப்பன் உங்கள் விரதத்தை ஏற்றுக்கொண்டான் என்று தைரியமாக நம்பலாம்.